பல வருடமாகக் கவனிக்காமல் காடாகிப்போன வீட்டுத் தோட்டத்தை ஆள் வைத்துச் சரிசெய்வது பயன் தருமா? சிங்கப்பூரில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

செய்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை கொடுத்த பணம் புல்லோடு சேர்ந்து அழுகிப்போனது. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

எங்களுடையது சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் ஒரு பழைய வரிசை வீடு. பின்னால் 6 மீட்டருக்கு 7 மீட்டர் மண்தரை. அப்பா இருந்தவரை அது அவருடைய ராஜ்ஜியம். அவர் போனபின் நான்கு வருடம் அம்மா கறிவேப்பிலை பறிக்கப் போவதைத் தவிர அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. லாலாங் புல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. கடைசியில் டெங்கிச் சோதனைக்கு வந்த தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி, புல்லுக்குள் கிடந்த பழைய வாளியில் கொசுப்புழுவைக் கண்டுபிடித்தார். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். பணம்கூடப் பெரிதில்லை, "தெருவுல நம்ம வீட்டுலதான் புழுவாம்" என்று அம்மா ஒரு வாரம் புலம்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ரோஷத்தில் முதல் ஆளைப் பிடித்தேன். நல்ல வெயில் நாளில் வந்தார், கைக்கணினியில் பாலித் தீவு விடுதி மாதிரிப் படங்கள் காட்டினார், நான் மயங்கிவிட்டேன். மூன்றே நாளில் வேலை முடிந்தது. லாலாங்கை வெட்டினார்கள், மேலே மெல்லிசாக மண் தூவினார்கள், ஜப்பான் புல்லைப் பாய் விரிப்பதுபோல் விரித்தார்கள், ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல். 5,200 வெள்ளி. ஒரு மாதம் பார்க்க அவ்வளவு அழகு. நவம்பரில் மழை பிடித்ததும் பின்கட்டு குளமாகிவிட்டது. சுவர் நிழல் விழும் பக்கம் புல் மஞ்சளடித்துச் செத்தது. கூழாங்கல் இடுக்கில் லாலாங் ஈட்டிபோல முளைத்து வந்தது. அதன் கிழங்குத் தண்டு மண்ணுக்கு அடியில் ஓடும், மேலே வெட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவரைக் கூப்பிட்டால், "மழை ஜாஸ்தி, நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்.

மழை ஜாஸ்திதான், இல்லை என்று யார் சொன்னது? இந்த ஊரில் வருடத்துக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் பெய்கிறது, சென்னையைப்போல ஒன்றரை மடங்கு. அது தெரிந்துதானே வேலைக்கு விலை சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆளைப் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் சொன்னார். மேற்பார்வையாளர் மன்னார்குடிக்காரர், இங்கே வந்து பல வருடம் ஆனவர். படம் எதுவும் காட்டவில்லை. முதல்நாள் பெய்த மழைத்தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்று சுற்றி வந்தார். பிறகு மண்வெட்டி கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டினார், இரண்டிலும் தண்ணீர் நிரப்பினார், "அம்மா, டீ இருக்குமா?" என்றார். டீ குடித்து, ஊர்க்கதை பேசி, ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சுவரோரக் குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. குழியிலிருந்து எடுத்துப்போட்டதில் மண்ணைவிட ஓட்டுச் சில்லும் சிமெண்ட் கட்டியும் அதிகம்.

"சமையல்கட்டை இழுத்துக் கட்டினப்போ வந்த குப்பை அண்ணே. லாரி காசு மிச்சம்னு இங்கேயே மூடிட்டுப் போயிருக்காங்க."

அம்மா அதைக் கேட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "அதான் உங்கப்பா எல்லாத்தையும் தொட்டியிலயே வச்சாரா?" என்றார். உண்மைதான். மல்லிகை, துளசி, செம்பருத்தி, பாண்டான் எல்லாமே தொட்டியில்தான் இருந்தன. தரையில் நட்டது கால்வாய் ஓரத்துக் கறிவேப்பிலை ஒன்று மட்டும், அங்கேதான் தண்ணீர் வடியும். அப்பாவுக்கு அந்த மண்ணைப் பற்றித் தெரிந்திருக்கிறது, எங்களிடம் சொன்னதில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: விலை கேட்க ஆளைக் கூப்பிடுவதாக இருந்தால் மழை விட்டவுடனே கூப்பிடுங்கள். வந்தவர் முதலில் செடியைப் பற்றிப் பேசுகிறாரா, தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிறாரா என்று பாருங்கள். மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் விலை சொல்பவருக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

செலவு எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு இரண்டாம் தடவை ஆனது 11,800 வெள்ளி. உங்கள் வீட்டுக்கு இதே கணக்கு வராது. எங்கள் வீட்டில் பணம் எங்கே போனது என்பதைச் சொல்கிறேன். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பழைய மண்ணையும் குப்பையையும் எடுத்தார்கள். கணக்குப் போட்டால் 12 கன மீட்டருக்கும் மேல். நடு வரிசை வீடு, பின்னால் வண்டி வர வழி கிடையாது. அத்தனையும் சாக்கில் கட்டி, வரவேற்பறை வழியாக, சாமி படத்தைத் தாண்டி, தோளில் சுமந்துதான் வெளியே போனது. அதே வழியாகப் புது மண் உள்ளே வந்தது. தரைக்கு அட்டையும் கித்தானும் விரித்துத்தான் வேலை செய்தார்கள், ஆனாலும் அம்மா நாலு நாள் பூஜையறைக் கதவைத் திறக்கவில்லை. முனை வீடு, பங்களா என்றால் இந்தக் கூலியில் பெரும்பகுதி உங்களுக்கு மிச்சம். பிறகு ஜல்லிப் படுக்கையில் துளை போட்ட குழாயைத் துணி சுற்றிப் பதித்து, வீட்டுக் கால்வாயில் கொண்டுபோய் விட்டார்கள். தரையை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவாக அமைத்தார்கள். செடிக்கும் புல்லுக்கும் போனது மொத்தத்தில் 1,300 வெள்ளிதான். முதல் ஆளின் கணக்கு நேர் தலைகீழ்.

புல் விஷயத்தில் என் ஆசைக்கு மன்னார்குடிக்காரர் சம்மதிக்கவில்லை. ஜப்பான் புல்லுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், உங்கள் சுவர் நிழலுக்கு கவ் கிராஸ்தான் நிற்கும் என்றார். வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்குக்குக் கீழே நாமெல்லாம் பந்து விளையாடிய அதே அகல இலைப் புல். கௌரவக் குறைச்சலாக இருந்தது. இப்போது இரண்டு மழைக்காலம் தாண்டிப் பச்சையாக நிற்கிறது, நான் வாயைத் திறப்பதில்லை.

கறிவேப்பிலையை எடுத்துவிட்டு அங்கே ஹெலிகோனியாப் பூச்செடி வைக்கலாம் என்று அவர் சொன்னபோது மட்டும் அம்மா குறுக்கே வந்தார். "தம்பி, நீ எதை வேணும்னாலும் தோண்டு. அதுல கை வைக்காதே." குழாய்ப் பாதை ஒன்றரை மீட்டர் வளைந்து போனது. அதற்குத் தனியாக 150 வெள்ளி.

இதில் ஒரு பாடம் எனக்கு: எதை வைக்கக் கூடாது, எதைத் தொடக் கூடாது, யார் அந்த இடத்தில் எந்த நேரம் நிற்பார்கள், துணி எங்கே காயும் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழி வெட்டிய பிறகு சொன்னால் ஒவ்வொன்றுக்கும் காசு.

பெரிய மரம் இருந்தால் அவசரப்பட்டு வெட்டச் சொல்லாதீர்கள். உங்கள் வீடு மரப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்து, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டினால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. வேலி வாசலுக்கு வெளியே இருக்கும் புல்தரையும் உங்களுடையது அல்ல, அதையும் சேர்த்து அழகுபடுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காடு வெட்டும்போது பாம்பு வரலாம். எங்களுக்கு வந்தது. ஊழியர்கள் அடிக்காமல் தள்ளி நின்று போன் செய்தார்கள், அது ஒன்றே அவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வரப் போதுமானதாக இருந்தது.

பணம் கொடுப்பதில் கறாராக இருங்கள். விலைப்பட்டியலில் தோண்டும் ஆழம், அள்ளிப்போகும் குப்பை, போடும் மண்ணின் கனம், செத்த செடியை எத்தனை மாதத்துக்குள் மாற்றித் தருவார்கள், 9 சதவீதப் பொருள் சேவை வரி உள்ளேயா வெளியேயா, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நான் மூன்று தவணையாகக் கொடுத்தேன். கடைசித் தவணை, வேலை முடிந்து ஒரு பெருமழை பெய்து தண்ணீர் வடிந்த பிறகு என்று எழுதி வாங்கினேன். மன்னார்குடிக்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதல் ஆளிடமும் இப்படி ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்காவது போயிருக்கலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். என் கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த பாலி படம் மட்டும்தான்.

வேலை முடிந்த பிறகும் செலவு நிற்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து புல் வெட்டி, கூரை ஓரத்துத் தண்ணீர்த் தகட்டில் சேரும் சருகை அள்ளிவிட்டுப் போகிறார், மாதம் 140 வெள்ளி. தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டும் வேலை மட்டும் அம்மாவுடையது. அதற்கு ஆள் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. காலையில் காப்பி குடித்ததும் ஒரு சுற்று, சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்னால் ஒரு சுற்று. போன மாதம் அதே சுற்றுப்புற வாரியத்திலிருந்து ஆள் வந்தபோது கதவைத் திறந்து, "நல்லாப் பாத்துக்கோங்க" என்று தானே பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.