பட்டினி கிடந்தால் கிருமி அழியுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செல்கள் தம் பழுதான பாகங்களைத் தாமே செரித்துக்கொள்ளும் ஆட்டோபேஜி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பட்டினி அதைத் தூண்டுகிறது என்று சொல்லியிருந்தீர்கள். செல்லுக்குள் புகும் பாக்டீரியாக்களும் அதே முறையில் அழிக்கப்படுவதாக வேறோரிடத்தில் படித்தேன். அப்படியானால் நோய்த்தொற்று கண்டவர் உண்ணாமலிருப்பது நல்லதுதானே? புகுந்தது கிருமி என்பதைச் செல் எப்படி அறிகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

பசித்த செல் தன்னுள் நிறைந்திருக்கும் கூழான சைட்டோபிளாசத்தின் ஒரு பகுதியைப் பெரும்பாலும் பேதம் பாராமல் சவ்வால் சுற்றி வளைத்து, லைசோசோம் என்ற செரிமானப் பையில் செரித்து, அமினோ அமிலங்களை மீட்டுக்கொள்கிறது. கிருமியைப் பிடிக்கும்போதும் ஏறத்தாழ இதே கருவிகள்தான் வேலை செய்கின்றன என்றாலும், அங்கே இலக்கு முன்கூட்டியே அடையாளமிடப்படுகிறது.

சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். குடலின் செல்லுக்குள் நுழையும்போது அது ஒரு சவ்வுப் பைக்குள் இருக்கிறது. அந்தப் பையின் உட்புறத்தில் உள்ள சில சர்க்கரைச் சங்கிலிகள் நலமான செல்லில் ஒருபோதும் சைட்டோபிளாசத்தின் பக்கம் தெரிவதில்லை. கிருமி தன் ஊசி போன்ற உறுப்பால் பையைக் கிழித்துவிட்டால் அவை வெளிப்படுகின்றன. சைட்டோபிளாசத்தில் உலவும் கேலக்டின்-8 என்ற புரதம் உடனே அவற்றைப் பற்றிக்கொண்டு, சுற்றி வளைக்கும் சவ்வைக் கொண்டுவர உதவும் என்டிபி52 என்ற புரதத்தை அங்கே வரவழைக்கிறது. அதாவது செல் இங்கே முதலில் உணர்வது கிருமியை அல்ல, தன் சவ்வில் விழுந்த கிழிசலை. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

பையிலிருந்து வெளியேறிவிட்ட பாக்டீரியாவின் மேல் யூபிகுவிட்டின் எனும் சிறு புரதம் உறைபோலப் படிகிறது. யூபிகுவிட்டின் மற்றப் புரதங்களோடுதான் இணையும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கிருமியின் புறச்சவ்வில் உள்ள கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறின் மீதே செல் அதை ஒட்டிவிடுகிறது என்பது 2021இல் தெரியவந்தது. பி62, ஆப்டினியூரின் போன்ற புரதங்கள் ஒரு முனையால் இந்த உறையையும் மறு முனையால் வளர்ந்துவரும் சவ்விலுள்ள எல்சி3 புரதத்தையும் பிடித்துக்கொள்வதால், இரட்டைச் சவ்வு கிருமியைச் சுற்றி மூடிக்கொள்கிறது. பிறகு லைசோசோம் அதனோடு இணைய, அமிலமும் நொதிகளும் தம் வேலையைச் செய்கின்றன.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தன் மேற்பரப்பில் செல்லின் புரதங்களையே போர்த்திக்கொண்டு அடையாளம் மறைக்கிறது. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா செலுத்தும் ராவ்இசட் என்ற நொதி, எல்சி3 புரதத்தை மீண்டும் ஒட்ட முடியாதபடி சவ்விலிருந்து வெட்டிவிடுகிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், காசநோய்க் கிருமி புகுந்த மேக்ரோபேஜ் செல்களை (கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களை) ஊட்டமின்றி வைத்தபோது ஆட்டோபேஜி தூண்டப்பட்டு, கிருமிகள் பிழைப்பது குறைந்தது. உங்கள் ஊகத்துக்கு இது வலுச் சேர்ப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் மறு ஆண்டே, கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்சியெல்லாவை வைத்துச் செய்த ஆய்வில் இதற்கு நேர்மாறான முடிவு கிடைத்தது: ஆட்டோபேஜியைத் தூண்டியபோது அந்தக் கிருமி வசித்துப் பெருகும் பை வேகமாக உருவானது. தூண்டுதல் ஒன்றாக இருந்தும் விளைவு கிருமிக்குக் கிருமி மாறுகிறது.

மேலும், ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் சில மணி நேரம் பசித்திருக்கும் செல்லும் பட்டினி கிடக்கும் மனிதரும் ஒன்றல்ல. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெருகுவதற்கும் எதிர்ப்பொருள்கள் உருவாவதற்கும் புரதமும் ஆற்றலும் வேண்டும். ஊட்டச்சத்துக் குறைவு காசநோய் வருவதற்கான முதன்மைக் காரணிகளுள் ஒன்று; அந்த நோயாளிகளுக்கு மருந்தோடு நல்ல உணவும் தேவைப்படுகிறது. எனவே தொற்று கண்டவர் ஆட்டோபேஜியை நம்பிப் பட்டினி கிடக்க வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். பசி இல்லாத நாளில் வற்புறுத்தி உண்ண வேண்டியதில்லை. நீர் அருந்துவதை மட்டும் நிறுத்தக் கூடாது. மருத்துவர் தந்த ஆன்டிபயாடிக்கை அவர் சொன்னபடி எடுத்துக்கொள்ள வேண்டும்.