துரை பங்களாவில் பூட்டப்பட்ட பையன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்குப் பத்து வயது இருக்கும்போது, எங்கள் தோட்டத்தில் ஆள் இல்லாமல் கிடந்த பழைய துரை பங்களாவுக்குள் என்னை அனுப்பிவிட்டு, கூட வந்த பையன்கள் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரம். ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு போனேன். மூன்றாவது அறையிலிருந்து யாரோ என் பின்னாலேயே வந்தார்கள். நான் நடந்தால் அதுவும் நடந்தது, நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பினால் யாரும் இல்லை. கடைசியில் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா ஒருவர் வந்து திறந்துவிட்டார். இப்போது எனக்கு 43 வயது. தோட்டம் முழுக்க செம்பனையாகிவிட்டது, பங்களாவை இடித்துவிட்டார்கள். ஆனால் யாராவது எனக்குப் பின்னால் வந்து நின்றால் இன்றைக்கும் முதுகு கூசுகிறது. அன்று என்கூட இருந்தது என்ன?
– ஒரு வாசகர், கோப்பெங், மலேசியா

பதில்: தம்பி, நீங்கள் பொய் சொல்லவில்லை, நீங்கள் பயந்தாங்கொள்ளியும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இத்தனை வருடத்தில் இதை யாரிடம் சொன்னாலும் ஒன்று சிரித்திருப்பார்கள், இல்லை திருநீறு போட்டு அனுப்பியிருப்பார்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி ஒன்று உண்டு: "நான் நின்றால் அதுவும் நின்றது."

2006-ல் சுவிட்சர்லாந்தில் வலிப்பு நோய்க்காகச் சிகிச்சைக்கு வந்த 22 வயதுப் பெண் ஒருவருக்கு, இடது காதுக்கு மேலே சற்றுப் பின்பக்கமாக இருக்கும் மூளைப் பகுதியை மருத்துவர்கள் மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார்கள். உடனே அவர் பின்னால் யாரோ இருப்பதாகச் சொன்னார். அவர் படுத்திருந்தால் அந்த ஆளும் அவருக்கடியில் படுத்திருந்தார். அவர் எழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, அந்த ஆளும் உட்கார்ந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டதாகச் சொல்லிச் சங்கடப்பட்டார். மின்சாரத்தை நிறுத்தினால் ஆள் இல்லை. அந்த ஆள் யார் என்றால் அவரேதான். தன் உடம்பு எங்கே இருக்கிறது, கை கால் எப்படி வைத்திருக்கிறோம் என்று மூளை ஓயாமல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினால், நம் உடம்பையே இன்னொருவர் உடம்பாகப் பக்கத்தில் வைத்துவிடுகிறது.

அப்புறம் 2014-ல் அதே நாட்டில், நோய் எதுவும் இல்லாத ஆட்களின் கண்ணைக் கட்டி நிற்க வைத்தார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் கருவியை விரலால் அசைக்க, பின்னால் இருக்கும் இயந்திரக் கை அதே அசைவை அவர்கள் முதுகில் செய்யும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் தன் முதுகைத் தானே தொடுகிற மாதிரி இருந்தது. அரை வினாடி தாமதித்துத் தொட்டபோது சிலருக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பது போல் ஆகிவிட்டது. இரண்டு பேர் தாங்க முடியாமல் சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அரை வினாடிதான் தம்பி, அவ்வளவு சின்ன இடைவெளியில் ஓர் ஆள் வந்து நின்றுவிடுகிறார்.

உங்கள் பங்களாவில் அந்த அரை வினாடி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நானும் தோட்டத்தில் வளர்ந்தவள், இப்படி ஒரு பங்களாவின் பலகைத் தரையில் நடந்திருக்கிறேன். பழைய பலகையில் கால் வைத்தால் அது கொஞ்சம் அமுங்கும். காலை எடுத்ததும் உடனே எழாது, நாம் அடுத்த அடி வைத்த பிறகுதான் "டக்" என்று தன் இடத்துக்கு வரும். அந்தச் சத்தம் நமக்குப் பின்னால், நாம் விட்டுவந்த இடத்திலிருந்து கேட்கும். நாம் நின்றால் கடைசியாக ஒரு முறை கேட்டுவிட்டு நிற்கும். அதற்கு மேல், பகலெல்லாம் காய்ந்த தகரக்கூரை பொழுது சாய்ந்ததும் சுருங்கி வெடிக்கிற சத்தம். ஆள் இல்லாத வீடென்றால் பரணில் முசாங்கும் (மரநாய்) குடியிருக்கும், அது நடந்தால் மனுசர் நடப்பது மாதிரியே இருக்கும். இருட்டு, தனிமை, வெளியே போக வழியில்லை, வயது பத்து. காது எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே பார்க்கும்?

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. தென் துருவப் பயணத்தில் கப்பலைப் பனிக்குப் பறிகொடுத்த ஷாக்கில்டன், 1916 மே மாதம் இரண்டு தோழர்களோடு தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை 36 மணி நேரம் தூங்காமல் கடந்தார். போனது மூன்று பேர். ஆனால் நான்காவதாக ஒருவர் கூடவே வந்தது போல் இருந்தது என்று அவர் பிறகு எழுதினார், மற்ற இருவருக்கும் அதே எண்ணம் இருந்திருக்கிறது. அவர்களுக்கு அந்த நான்காவது ஆள் துணையாகத் தெரிந்தார். உங்களுக்கு அவர் எதிரியாகத் தெரிந்ததற்குக் காரணம், உங்களை உள்ளே தள்ளிப் பூட்டியவர்கள் உங்கள் கூட்டாளிகளாகவே இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதுகு கூசுவது பேயால் இல்லை, அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தால். அந்தப் பையன்களில் யாராவது இன்னும் தொடர்பில் இருந்தால் ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் உட்கார வைத்து, "நீங்கள் போன பிறகு எனக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று முழுவதையும் சொல்லுங்கள். தூக்கம் கெடுகிற அளவுக்கு இருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த அக்கா எங்கே இருக்கிறார்? அவரையும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கேள்வி: கெல்லி கோட்டையில் பேய் இருப்பது உண்மையா? நீங்கள் பத்து காஜா பக்கம்தானே, போயிருக்கிறீர்களா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நிறைய தடவை போயிருக்கிறேன். மகள் அறையில் வெள்ளை உடுப்புப் போட்ட சின்னப்பெண் நிற்கும், மாடி நடையில் துரை உலாத்துவார் என்று சொல்வார்கள். நான் அந்த அறையிலும் நின்றேன், அந்த நடையிலும் நடந்தேன், அவர்கள் யாரும் வரவில்லை.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து 1890-ல் இருபது வயதில் மலாயாவுக்கு வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், கித்தாவிலும் (ரப்பர்) ஈயத்திலும் சம்பாதித்து, மகன் பிறந்த 1915-ல் இந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். ஆறு மாடி கோபுரம், அதில் மின்தூக்கிக்குக் குழி, மொட்டை மாடியில் விருந்து வைக்க இடம் என்று பெரிய திட்டம். கட்டியவர்கள் நம் ஆட்கள், சென்னைப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். நடுவில் ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து அவர்களில் பலர் செத்துப்போனார்கள். மிச்சம் இருந்தவர்கள், அம்மனுக்கு ஒரு கோயில் கட்டினால்தான் வேலை நடக்கும் என்று துரையிடம் கேட்டார்கள், அவரும் ஒத்துக்கொண்டு மாரியம்மன் கோயில் எழும்பியது. கோட்டை முடியவே இல்லை. 1926-ல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார், மனைவி சொத்தை விற்றுவிட்டார், இங்கே திரும்பவில்லை.

சரி, இப்போது பேய்க்கதைகளைப் பாருங்கள். லிஸ்பனில் செத்த துரை இங்கே வந்து உலாத்துகிறார். மகள் வருகிறாள். அந்த இடத்திலேயே காய்ச்சலில் விழுந்த கொத்தனார் ஒருவர்கூட எந்தக் கதையிலும் நடமாடுவதில்லை. பேயாகக்கூட நம் ஆளுக்கு அந்த வீட்டில் இடம் கொடுக்கவில்லை! எனக்கு அங்கே யாரோ இருப்பதுபோல் தோன்றியது ஒரே ஒரு தடவைதான். பூச்சு உதிர்ந்த சுவரில் கை வைத்தேன், வெயிலில் சூடேறிய சிவப்புச் செங்கல், இரண்டு கல்லுக்கு நடுவில் காரை சற்றுப் பிதுங்கி, வழித்துவிடாமல் அப்படியே காய்ந்திருந்தது. கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் சமமாகியிருக்கும். அந்த இழுப்பை இழுக்காமல் போன ஆள் அன்றைக்கு எதற்காக எழுந்து போனார் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் கோயிலுக்கும் போங்கள். கூரை மேல் சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்ட ஓர் ஆள் நிற்பார், அது துரைதான் என்கிறார்கள். கோயில் கொடுத்தவருக்கு நம் ஆட்கள் காட்டிய மரியாதை அது.

கேள்வி: பேய்க் கோட்டைக் கதை என்றாலே ஏன் யாராவது ஒருத்தர் உள்ளே மாட்டிக்கொள்கிறார்? சும்மா போய்வருகிறவர்களுக்கு ஒன்றும் நடப்பதில்லையே.
– ஒரு மாணவர், தெலுக் இந்தான்

பதில்: வெளியே போக முடிந்தவன் போய்விடுவான், அதோடு கதை முடிந்துவிடும். மாட்டிக்கொண்டவர்தான் அறை அறையாகப் பார்ப்பார், சுவரைத் தட்டுவார், காதை வைப்பார். ஆனால் நம் பாட்டிமார் சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். ஏழு மலை ஏழு கடல் தாண்டி ராட்சசன் மாளிகை, அதில் சிறை வைத்த ராஜகுமாரி, ராட்சசன் உயிர் கிளியில் இருக்கும். அங்கே கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பது யார்? ராஜகுமாரியைக் காப்பாற்ற வந்த பையன்! பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்த ராட்சசன்தான் மூக்கை உறிஞ்சி, "மனுச வாடை வீசுதே" என்று பயப்படுகிறான். மற்ற கதைகளில் மாட்டிக்கொண்ட பெண் நடுங்குவாள், நம் கதையில் வீட்டுக்காரன் நடுங்குகிறான். என் ஆயா இந்த இடத்தில் மூக்கை உறிஞ்சிக் காட்டும்போது லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொள்வோம், நாங்கள்தான் ஒளிந்திருக்கிற மாதிரி. இந்தக் கதையை உங்கள் தம்பி தங்கைகளுக்கு நீங்கள் சொல்லுங்கள், கைபேசி சொல்லாது.

கேள்வி: இரவில் நெஞ்சில் யாரோ ஏறி உட்காருகிறார்கள், கண் திறந்திருக்கிறது, கத்த முடியவில்லை. அமுக்குவான் என்கிறார்கள். பரிகாரம் உண்டா?
– ஒரு வாசகி, பீடோங்

பதில்: மலாய்க்காரர்கள் இதைக் 'கெனா தின்டே' என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடம்பு தசைகளைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படித்தான் இருக்கும், அறையில் யாரோ நிற்பதும் அந்த நேரத்தில் தெரியும். கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும். மல்லாந்து படுப்பதை விடுங்கள், இரவு வேலை மாறி மாறி வந்தால் தூக்கத்தை ஒரே நேரத்துக்குக் கொண்டுவரப் பாருங்கள். அடிக்கடி வந்தாலோ, பகலில் கண் சொருகினாலோ கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி: தோட்டத்துச் சனங்களும் ஒரு வகையில் சிறைப்பட்டவர்கள்தானே?
– அதே தெலுக் இந்தான் மாணவர்

பதில்: இரண்டாவது கேள்வியில் பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ல் நிறுத்தப்பட்டது. அதில் வந்தவர், காலம் முடியும்வரை வேலையை விட்டுப் போனால் அது குற்றம். ஊரில் ஆள் திரட்டும் மேஸ்திரியான கங்காணி அழைத்துவரும் முறையில் சட்டத்தின் பிடி குறைவு, ஆனால் கடனும் லயமும் தோட்டத்துக் கடையும் இருந்தன. 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை அந்த வழியில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களில் பலர் மலாயாவில் முதலில் பார்த்தது பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமைத்தான். இறங்கியதும் காவல்.

என் ஆயா விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, அதாவது தன் மர வரிசைக்குப் போவார். ஐந்தரை மணிக்குக் கித்தா மரத்துக்குள் எப்படி இருட்டாக இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு மரமும் பால் பிடிக்கும் ஒரு மங்கும் தெரியும், அவ்வளவுதான். "பயமா இருக்காதா ஆயா?" என்று கேட்டிருக்கிறேன். பத்து மரம் வெட்டியதும் ஒரு குரல் கொடுப்பாராம், "ஓய்" என்று. பக்கத்து நிரையில் யார் நிற்கிறார் என்று தெரியாது, பூச்சி சத்தம்தான் கேட்கும். கொஞ்சம் பொறுத்து, மரங்களுக்கு நடுவிலிருந்து இன்னொரு "ஓய்" வரும். அப்புறம் ஆயா பதினோராவது மரத்துக்குப் போவார்.