நாயகி எப்படித் தப்பிக்கிறாள்? – த்ரில்லர் எழுதுவோர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கதை. கணவன் படித்தவன், ஊருக்கு நல்லவன், கை நீட்டுவது அபூர்வம். ஆனால் மனைவி யாரோடு பேசுகிறாள், எத்தனை ரூபாய் செலவழிக்கிறாள், எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் எல்லாம் அவன் கணக்கில். அவள் தப்பிக்க வேண்டும். எங்கே கதை பிசகுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

அடி உதை இல்லாமல் கொடுமையைக் காட்ட நினைக்கிறேன். கணவன் சாவியை ஒளித்துவைத்துவிட்டு "உனக்குத்தான் மறதி" என்கிறான். தன் புத்தியையே அவள் சந்தேகிக்கும்படி செய்யும் இந்த 'கேஸ்லைட்டிங்' போதுமா? – வாசகி, மதுரை

ஒளித்துவைத்த சாவி தேய்ந்துபோன உத்தி. அந்தச் சொல் பிறந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள். பேட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய 'கேஸ் லைட்' நாடகம். 1944-இல் ஹாலிவுட்டில் வந்த படம் அதைப் பிரபலமாக்கியது. கணவன் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, அதே வீட்டின் பூட்டிய மேல்தளத்தில் நகை தேடுகிறான். அங்கே அவன் விளக்கேற்றும்போது எரிவாயு பங்குபோய், கீழே மனைவியின் அறையில் சுடர் இறங்குகிறது. அவளைக் குழப்புவதற்காக அவன் விளக்கை மங்கவைக்கவில்லை. அவன் செய்யும் திருட்டு வேலையின் தடயம் அது. அவள் கண்டது நிஜம், அந்த நிஜமே கடைசியில் அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

உங்கள் கதைக்கும் அப்படி ஒன்று வேண்டும். உதாரணமாக, அவள் போனிலிருந்து தோழிக்கு "இனி எனக்கு போன் பண்ணாதே" என்று அவனே அனுப்பிவிட்டு, அனுப்பியதை அவள் பக்கம் மட்டும் அழித்துவிடுகிறான். ஆறு மாதம் கழித்துக் கோயில் வாசலில் தோழி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தோழியின் போனில் அந்தச் செய்தி இன்னும் இருக்கிறது. நாயகிக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்பதற்கு முதல் சாட்சி அதுதான்.

மற்றபடி கொடுமை மளிகைக் கணக்கில் இருக்கிறது. நூறு ரூபாய் கொடுத்து, பில்லைக் கேட்டு, மீதி நான்கு ரூபாய் எங்கே என்பது. அம்மாவோடு பேசும்போது ஸ்பீக்கரில் போடச் சொல்வது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு உடல், பாலியல் வன்முறையோடு சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் செய்யும் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. "அடிச்சாரா? இல்லையா? அப்புறம் என்னம்மா?" என்று கேட்கும் பாத்திரம் ஒன்று கதையில் கட்டாயம் இருக்கட்டும், நிஜத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கணவன் அவள் போனில் உளவுச் செயலி வைத்திருக்கிறான். அவள் அதைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டுத் தப்பிக்கிறாள். சரியாக இருக்கிறதா? – வாசகர், கோவை

இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதலில், உளவுச் செயலிக்குப் பெரும்பாலும் அவசியமே இல்லை. போன் வாங்கிக் கொடுத்தவன் அவன், கூகுள் கணக்கைத் தொடங்கியவன் அவன், பாஸ்வேர்டு அவனிடம். மேப்ஸில் இடத்தைப் பகிரும் வசதியை ஒருமுறை போட்டுவிட்டால் போதும். வாட்ஸ்அப் கணக்கை நான்கு கருவிகளில் கூடுதலாக இணைக்கலாம்; அவனுடைய லேப்டாப்பில் அவள் அரட்டை முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை இணைத்துவிட்டால் பிறகு போனைத் தொட வேண்டியதே இல்லை. மந்திரவாதி மாதிரி எல்லாம் தெரிந்த கணவனைவிட, இப்படிச் சோம்பேறித்தனமாக வேவு பார்ப்பவனே பயமுறுத்துகிறான்.

அடுத்து, கண்டுபிடித்ததை உடனே துண்டிப்பது நாயகிகள் செய்யும் பெரிய தவறு. இணைப்பு அறுந்த அன்றே அவனுக்குத் தெரிந்துவிடும், அவள் தயாராவதற்கு முன்பே அவன் தயாராகிவிடுவான். பழைய போன் கடைசி நாள் வரை வழக்கம்போல நடிக்க வேண்டும்: அதே சமையல் வீடியோ, அதே குரூப்பில் அதே குட் மார்னிங். திட்டம் முழுக்க அவன் கை படாத இன்னொரு போனில் நடக்க வேண்டும், தோழியுடையதோ அலுவலகத்துடையதோ. புது மின்னஞ்சல் தொடங்கும்போது மீட்பு எண்ணாகப் பழைய எண்ணைக் கொடுத்தால் ஓடிபி அவன் கண்ணில் படும். ஒரு அத்தியாயத்தின் கடைசி வரிக்கு இந்தப் பிசகு நன்றாகப் பொருந்தும்.

போனைத் தாண்டியும் பாருங்கள். காரை எடுத்துக்கொண்டு போனால், சுங்கச்சாவடியைக் கடக்கும்போது ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி அது பதிவான எண்ணுக்குப் போகும். பெரும்பாலும் அது கணவன் எண். ஏடிஎம்மில் பணம் எடுத்தாலும் அப்படியே. குழந்தையின் பள்ளிப் பையில், இருப்பிடம் காட்டும் ஏர்டேக் கருவியைப் போடும் வில்லன் வேண்டுமானால் ஒன்று கவனியுங்கள்: கூடவே வரும் அந்நிய டிராக்கரைப் பற்றி ஐபோன் எச்சரிக்கும், 2024 மே முதல் ஆண்ட்ராய்டு 6-உம் அதற்கு மேற்பட்டதும் எச்சரிக்கின்றன. நாயகியிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்றால் அவளுக்கு எச்சரிக்கை வராது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு வரலாம்.

பஸ் என்றதும் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கையில் பத்து பைசா இல்லாத நாயகி பேருந்து நிலையம் வரை போக முடியும், எந்தக் குறுஞ்செய்தியும் யாருக்கும் போகாது. கதைகளில் எல்லோரும் ஆட்டோவில் ஏறுகிறார்கள், ஏன் என்று புரியவில்லை.

அவள் எதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும்? ஒரு பையில் அடங்க வேண்டும். பணத்துக்கு என்ன செய்வாள்? – வாசகி, திருநெல்வேலி

பீரோவிலிருந்து அசல் ஆவணங்களை எடுப்பது கடைசி நாள் வேலை. அதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வெளியே ஒருவரிடம் சேர்த்துவிட வேண்டும். எடுக்க ஒரு சாக்கு வேண்டுமே? ரேஷன் கடைக்குப் போகக் கார்டு வேண்டும், பள்ளியில் பிறப்புச் சான்று கேட்டார்கள், வங்கியில் பாஸ்புக் பதிய வேண்டும். மூன்று வாரத்தில் மூன்று காகிதம். ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளும் காட்சியைவிட இது நகம் கடிக்க வைக்கும்.

பட்டியலில் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, படிப்புச் சான்றிதழ்கள், நகை பில்கள், தினமும் சாப்பிடும் மாத்திரை. பெண் வீட்டில் போட்ட நகை அவளுக்கே சொந்தம் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிரூபிக்கத்தான் பில் வேண்டும். பில் இல்லையா, கல்யாண ஆல்பம் இருக்கிறது. அட்டிகை தெளிவாகத் தெரியும் ஒரு படத்தை உருவிக்கொண்டு போகட்டும். நகை கூட்டு லாக்கரில் என்றால், யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு வங்கியில் இருக்கும். அவன் நகையை மாற்றிவிட்டான் என்பதை அந்தத் தேதி சொல்லும்.

பலரும் விட்டுவிடும் காகிதம் ஏ.ஆர். காப்பி. காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் 'ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்' எழுதுவார்கள்: காயம் எங்கே, என்ன அளவு, என்ன நிறம், எப்படி ஏற்பட்டதாகச் சொன்னார். பக்கத்தில் கணவன் நிற்பதால் அவள் "படியில் விழுந்துட்டேன்" என்றிருப்பாள். பின்னாளில் நீதிமன்றத்தில் அந்த ஒரு வரியைத்தான் அவன் வக்கீல் வாசிப்பார். ஆனால் இரண்டு கையின் மேல்புறத்திலும் விரல் பதிந்த கன்றல் படியில் விழுந்தால் வராது. எழுதிய டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள்.

பணம்: அஞ்சறைப் பெட்டி வேண்டாம். அவன் அம்மாவும் அங்கேதான் ஒளித்திருப்பாள், அவனுக்குத் தெரியும். மகளிர் சுய உதவிக் குழு நல்ல வழி. பணத்தைவிடப் பெரிய ஆதாயம், கணவன் சந்தேகப்படாமல் அனுப்பும் ஒரே கூட்டம் அது. அஞ்சலகத்தில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், எண்ணும் முகவரியும் மட்டும் வீட்டுடையதாக இருக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அவள் கணக்கில்தான் விழுகிறது. ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதே உங்கள் காட்சி.

பாலில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்துவிட்டு ஓடலாமா? – வாசகர், சேலம்

வேண்டாம். அப்படிக் கொடுப்பதற்குத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆவது பிரிவில் 10 ஆண்டு வரை தண்டனை உண்டு. வில்லன் கையில் நீங்களே வழக்கைக் கொடுக்கிறீர்கள். அவன் வேலைக்குப் போயிருக்கும் பகல் பதினொன்றரை மணி போதும். பெரும்பாலான பெண்கள் அந்த நேரத்தில்தான் கிளம்புகிறார்கள்.

அவள் ஓடியதும் போலீஸுக்குப் போகிறாள், கணவன் கைதாகிறான், சுபம். இதில் பிழை உண்டா? – வாசகி, சென்னை

அவளுக்கு முன்னால் அவன் போய்விடுவான். "மனைவியைக் காணவில்லை, மனநலம் சரியில்லாதவள்" என்று கண்ணீரோடு புகார். காவல்துறை நேர்மையாகவே தேடும். டவரை வைத்துக் கண்டுபிடிக்கும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லும். அங்கே பெஞ்சில் அவனும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும். "குழந்தை முகத்தைப் பாரும்மா." தப்பித்தவளைத் திரும்பக் கூட்டிவர அவனுக்கு வேலை செய்வது அரசாங்கம்.

கெட்டிக்கார நாயகி கிளம்பும் நாளிலேயே "என் விருப்பத்தின்பேரில் வெளியேறுகிறேன், இந்தக் காரணங்களுக்காக, என் இருப்பிடத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டாம்" என்று கைப்பட எழுதி, கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருப்பாள், ரசீது பையில். வயதுவந்த பெண் தானாகப் போனதாக வாக்குமூலம் கொடுத்தால் யாரும் இழுத்துப் போக முடியாது. அவளை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லி அவன் ஆட்கொணர்வு மனு போட்டாலும் நீதிபதிகள் அவளைத்தான் கேட்பார்கள். கதை திருநெல்வேலியில் நடந்தால் மனு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வரும். சென்னைக்கு அவளை அனுப்பாதீர்கள்.

சட்டப்படி முதல் கதவு மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர். அவர் படிவம் 1-இல் குடும்ப வன்முறை அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் கணக்கு. வாய்தாக்களின் கணக்கு வேறு. ஆனால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அந்த உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ.

இங்கே ஒரு அருமையான முடிச்சு இருக்கிறது. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் அவள் மனு போடலாம். போட்டால், நோட்டீஸில் இருக்கும் நீதிமன்றத்தின் பெயரே அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று அவனுக்குச் சொல்லிவிடும். பாதுகாப்பு கேட்பதற்கு விலை, ஒளிந்திருக்கும் இடம். நூறு பக்கத்துக்கு இது தாங்கும்.

என் வில்லன் கத்துவதில்லை. மனைவி போனதும் எப்படி மாறுவான்? – வாசகர், தஞ்சாவூர்

இன்னும் அமைதியாவான். பிரிட்டனின் குற்றவியல் அறிஞர் ஜேன் மாங்க்டன் ஸ்மித், துணையைக் கொன்ற 372 வழக்குகளை ஆராய்ந்து 2019-இல் எட்டுக் கட்டங்களை வகுத்தார். நான்காவது கட்டம் பிடி நழுவுவது, பெரும்பாலும் பிரிவு. பிறகு மிரட்டலும் கெஞ்சலும் ஏறும். அதற்கும் பிறகு மனம் மாறும் கட்டம்: திரும்பப் பெற முடியாது என்று தீர்மானிக்கிறான். ஏழாவது திட்டம். எட்டாவது கொலை. ஆகவே, அழுது குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தும்போதுதான் வாசகனுக்கு வேர்க்க வேண்டும்.

முன்கதையில் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால் அதைச் சாதாரணமாகக் கடக்காதீர்கள். பிற்காலக் கொலை அபாயத்தை அது ஏழு மடங்குக்கு மேல் கூட்டுவதாக 2008-இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. பல நேரம் கழுத்தில் தடமே இருக்காது. குரல் கம்மும், விழுங்க வலிக்கும், கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரியும்.

உச்சக்கட்டத்தில் அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். தற்காப்பு என்று விடுதலையாக்கலாமா? – வாசகர், லண்டன்

அவன் தூங்கும்போது கொன்றால் தற்காப்பு நிற்பது கடினம். இங்கிலாந்தில் அடக்கி ஆளும் நடத்தையே 2015 டிசம்பர் முதல் குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. 2010-இல் கணவனைக் கொன்ற சாலி சாலன் மீதான கொலைக் குற்றத் தீர்ப்பு, அந்தப் பின்னணி குறித்த புதிய மனநல ஆதாரத்தின் பேரில் 2019 பிப்ரவரியில் ரத்தானது. ஜூனில் கொலையல்லாத மரணம் விளைவித்தல் என்று ஏற்கப்பட்டு, சிறையில் கழித்த காலமே போதும் என வெளியே வந்தார். குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அது இல்லை.

நம் பக்கம் 1989-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த சுயம்புக்கனி வழக்கைப் படியுங்கள். கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாய். திடீர் ஆத்திரத்துக்கு மட்டுமே சட்டம் சலுகை தந்தபோது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஆத்திரத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. 'நல்லதங்காள் சிண்ட்ரோம்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 2013-இல் கணவனை அடித்துக் கொன்ற பெண்ணின் மேல்முறையீட்டில் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் இதை எடுத்தாண்டு குற்றத்தின் தரத்தைக் குறைத்தது. முழு விடுதலை வேண்டாம், குறைந்த தண்டனை வையுங்கள். நம்பும்படி இருக்கும்.

கதைக்காகத்தான் கேட்கிறேன்… – பெயர், ஊர் வேண்டாம்

உங்கள் கடிதத்தின் விவரங்களை அச்சிடவில்லை. பதில் மட்டும்: 181 இரவும் பகலும் இயங்கும் மகளிர் உதவி எண், கட்டணமில்லை. அவர் எடுத்துப் பார்க்கும் போனிலிருந்து அழைக்க வேண்டாம். பள்ளியிலோ மருந்துக் கடையிலோ ஒரு போன் கேளுங்கள். அடி விழும் நேரமென்றால் அவசர உதவி எண் 112. மாவட்டத்தின் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். மருத்துவம், சட்ட உதவி அங்கேயே. எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் போகலாம், பையில் ஆதார் இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். எட்டாம் வகுப்புக்குள் படிக்கும் குழந்தையை, டி.சி. வரத் தாமதம் என்பதைக் காட்டி அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. புதுப் பள்ளியின் பெயரைப் பழைய பள்ளியில் சொல்ல வேண்டாம்.