வாசகர் கேள்வி: கழுத்து நரம்புத் துளைச் சுருக்கமும் ஸ்கேன் படங்களும்

கேள்வி: வலது கட்டைவிரல் மரத்துப்போவதால் எம்.ஆர்.ஐ. எடுத்தேன். கழுத்தின் 5, 6ஆம் எலும்புகளுக்கு இடையே (சி5–சி6) நரம்பு வெளியேறும் துளை 'மிதமாக'ச் சுருங்கியிருப்பதாக அறிக்கை. அதே படத்தைப் பார்த்த வேறொரு மருத்துவர் 'கடுமை' என்கிறார். எது சரி?

பதில்: துளையின் திசையில்தான் பாதிச் சிக்கல். கழுத்தில் அது நேர் பக்கவாட்டில் திறக்காமல், முன்பக்கமாக ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்து, சற்றே கீழ்நோக்கிப் போகிறது. ஸ்கேன் உடலை அடுக்கடுக்கான வெட்டுகளாகக் காட்டும்; வழக்கமான பக்கவாட்டு வெட்டுப் படம் அதைக் கோணலாக அறுப்பதால் உண்மையான வடிவம் தெரியாது. துளைக்குச் செங்குத்தாகச் சாய்த்து எடுத்த வெட்டுகளையும் குறுக்குவெட்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெட்டின் கனமும் முக்கியம்: துளையே சில மி.மீ. அகலம்தான், 3 மி.மீ. வெட்டில் எலும்பும் நரம்பும் ஒன்றாகக் கலங்கித் தெரியும். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய முப்பரிமாணப் பதிவு இருந்தால், வேண்டிய கோணத்தில் பிறகு திருப்பிக்கொள்ளலாம்.

குறுக்குவெட்டில் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. துளைக்கு வெளியே நரம்பு வேரின் (தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பின் தொடக்கப் பகுதி) அகலத்தைப் பார்த்து, துளையின் மிகக் குறுகிய இடத்தை அதனோடு ஒப்பிட வேண்டும். வேரைவிடத் துளை அகலமாக இருந்தால் சுருக்கம் இல்லை, வேரின் அகலத்தில் பாதியோ அதற்கும் குறைவோ என்றால் கடுமை, இடைப்பட்டது மிதம். எதை வைத்து அளந்தார்கள் என்று சொல்லாத 'மிதம்' எங்களுக்கும் எரிச்சல்தான். கிரேடியன்ட் எக்கோ என்ற எம்.ஆர்.ஐ. முறையில் எடுத்த படமானால் எலும்பு விளிம்பு தடித்துத் தெரிந்து, சுருக்கத்தைக் கூட்டிக்காட்டும். டி2 ஸ்பின் எக்கோ என்ற மற்றொரு எம்.ஆர்.ஐ. முறைப் படத்தோடு ஒப்பிடாமல் முடிவுக்கு வரக்கூடாது. நடுவில் எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும்.

உங்கள் விஷயத்தில் இடம் பொருந்துகிறது: சி5–சி6 வழியே வெளிவருவது 6ஆம் கழுத்து நரம்பு, கட்டைவிரல் அதன் எல்லை. நடுவிரல் என்றால் 7, சுண்டுவிரல் என்றால் 8.

கேள்வி: எம்.ஆர்.ஐ. இருக்கும்போது சி.டி., எக்ஸ்ரே எதற்கு?

பதில்: நரம்பை அழுத்துவது மென்மையான டிஸ்க்கின் (எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) பிதுக்கமா, கெட்டியான எலும்பு முள்ளா என்பதை சி.டி. தெளிவாகப் பிரித்துக் காட்டும். அறுவை சிகிச்சைக்கு முன் இது அவசியம். நரம்பை நன்றாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ.தான். சாய்வு எக்ஸ்ரேயில் உடலை 45 டிகிரி திருப்பி எடுப்பார்கள். முதுகுப்பக்கம் தகட்டை ஒட்டியிருந்தால் தெரிவது தகட்டுக்கு அருகிலுள்ள பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் துளைகள். இடம் வலம் மாறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: அண்ணாந்து பார்த்தால் கைக்குள் வலி பாய்கிறது. படத்தில் பெரிதாக ஒன்றுமில்லையாம்.

பதில்: படம் மல்லாந்து, கழுத்து தளர்ந்த நிலையில் எடுத்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்து, வலிக்கும் பக்கம் திருப்பினால் துளை இன்னும் குறுகும். எந்த அசைவில் வலி வருகிறது என்பதை ஸ்கேனுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். நரம்புக் கடத்தல் சோதனையும் தசை மின்சோதனையும் உதவக்கூடும். மாறாக, வலியே இல்லாதவர்களின் படத்திலும் சுருக்கம் தெரிவதுண்டு. அதற்காக மட்டும் கத்தி தேவையில்லை. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ நடை தள்ளாடினாலோ தண்டுவடமே அழுந்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.