டர்பனில் வீட்டுக்குள் வரும் சிலந்திகள் ஆபத்தானவையா? கடித்தால் என்ன ஆகும்?

கணவரின் வேலைக்காகச் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிபெயரப் போவதாகவும், வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருப்பதாகவும், சுவரில் கையகலச் சிலந்தி உட்கார்ந்திருக்கும் படத்தை யாரோ அனுப்பிப் பயமுறுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். "சிலந்தி கடித்துவிட்டது, களிம்பு கொடுங்கள்" என்று கேட்டு வருபவர்கள் ஏராளம். கடித்த சிலந்தியைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு.

அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் மழைச் சிலந்தியாகத்தான் இருக்கும். இங்கே எல்லோரும் ரெயின் ஸ்பைடர் என்பார்கள். மழை வருவதற்குச் சற்று முன்பு வீட்டுக்குள் நுழையும். விளக்கடியில் பூச்சி பிடிக்கும், சமயத்தில் பல்லியையே பிடித்துத் தின்னும். கால்களை விரித்தால் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வரும். கடித்தால் தேனீ கொட்டியது போல வலிக்கும், அவ்வளவுதான். வெளியில் செடிகளுக்கு நடுவே இலைகளை இழையால் தைத்துப் பந்து போன்ற முட்டைக்கூடு கட்டியிருந்தால் அதை மட்டும் கலைக்காதீர்கள். தாய் காவலுக்கு நிற்கும், அப்போது அதற்குக் கோபம் அதிகம்.

கவனிக்க வேண்டியது ஆளை மிரட்டாத சின்னச் சிலந்தியைத்தான். பட்டன் சிலந்தி என்று பெயர், வயிறு பட்டாணி அளவில் உருண்டையாக இருக்கும். டர்பன் வீடுகளில் நீங்கள் காணக்கூடியது பழுப்பு வகை: பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கம், பூந்தொட்டியின் விளிம்பு, கேட்டின் மூலை என்று ஒழுங்கில்லாத வலை பின்னிக்கொண்டு தொங்கும். வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் மணற்கடிகை வடிவம் தெரியும். முட்டைப் பை முள்முள்ளாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இதன் கடி பெரும்பாலும் அந்த இடத்து எரிச்சலோடும் வலியோடும் நின்றுவிடும்.

இதன் கறுப்பு உறவினர் அப்படியல்ல. மேற்கு கேப் மாகாணத்துக் கோதுமை வயல்களில் அறுவடை செய்பவர்களைக் கடித்துப் பேர்பெற்றது அதுதான். அதன் நஞ்சில் பூச்சிகளைத் தாக்கும் புரதங்கள் தனி, முதுகெலும்புள்ள உயிர்களைத் தாக்கும் புரதம் தனி. இரண்டாவதன் பெயர் ஆல்ஃபா லேட்ரோடாக்சின். அது நரம்பு முனையின் சவ்வில் துளை போட்டுக் கால்சியத்தை உள்ளே விடுகிறது. நரம்பு சேமித்து வைத்திருக்கும் செய்தி வேதிப்பொருள்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. அதனால்தான் கடித்த இடத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமலிருக்க, சற்று நேரத்தில் வயிற்றுத் தசை பலகையாக இறுகுகிறது. வேர்த்துக் கொட்டுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. 1993இல் கேப் டவுன் மருத்துவர் ஒருவர் கறுப்பு, பழுப்புக் கடிகள் 45ஐத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. கறுப்பு வகைக்கு முறிமருந்து உண்டு, இந்த நாட்டிலேயே தயாராகிறது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம். ஆகவே மருத்துவமனையில்தான் போடுவார்கள், எங்கள் கடையில் கேட்காதீர்கள்.

இனி, களிம்பு கேட்டு வருபவர்களின் கதை. பெரும்பாலானோர் காட்டுவது நடுவில் கறுத்த ஒரு புண். "தூங்கும்போது சிலந்தி கடித்திருக்கிறது" என்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆயா ஒரு படி மேலே போய் மஞ்சள் அரைத்துப் பூசி, மந்திரித்து நூலும் கட்டிவிடுவார். சதையை அழுகச் செய்யும் நஞ்சு சிலந்திகளில் இல்லாமல் இல்லை. வயலின் சிலந்தியின் நஞ்சில் ஸ்பிங்கோமையலினேஸ் டி என்ற நொதி இருக்கிறது. அது செல் சவ்வின் கொழுப்பைச் சிதைத்து, அந்த இடத்துக்கு வரும் இரத்தத்தையும் தடுத்துவிடும். ஆனால் அது மனிதரைக் கண்டால் ஒதுங்கும் பிராணி. அடுத்துப் பழி சுமப்பது சாக் ஸ்பைடர் என்னும் வெளிர்மஞ்சள் சிலந்தி. இந்த நாட்டில் எந்தப் புண்ணுக்கும் அதன் பெயரைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. 2006இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே பேரினச் சிலந்திகள் கடித்து, சிலந்தியும் கையோடு பிடிபட்ட 20 பேரை ஆராய்ந்தார்கள். வலி இருந்தது, அழுகல் ஒருவருக்கும் இல்லை.

பிறகு அந்தக் கறுப்புப் புண் எங்கிருந்து வருகிறது? பாதிக்குமேல் பாக்டீரியாத் தொற்றுதான் என்பது என் கணிப்பு. மற்றொன்று உண்ணிக் காய்ச்சல். புல்வெளியில் நடந்தவரின் காலில் உண்ணி கடித்து ரிக்கெட்சியா கிருமியை ஏற்றிவிடும்; சில நாள் கழித்துக் கறுத்த பொருக்கு, கடும் தலைவலி, காய்ச்சல், அரையில் நெறி. டாக்சிசைக்ளின் கொடுத்தால் சட்டென்று அடங்கும் நோய். சிலந்தி என்று நம்பி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தால் அந்த மாத்திரை வந்து சேரத் தாமதமாகிறது. கறுத்த புண்ணோடு காய்ச்சலும் இருந்தால் கடைக்கு வராமல் நேரே டாக்டரிடம் போய், எங்கே நடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

விடுமுறைக்கு லிம்போப்போ, வடக்கு கேப் போன்ற வறண்ட பகுதிகளுக்குப் போனால் தேள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் ஆபத்தானது. இடுக்கி பெருத்து வால் மெலிந்திருந்தால் பெரும்பாலும் வலியோடு போகும். தடித்த வால் கொண்ட பாராபூத்தஸ் இனத்தில் ஒன்று கணக்குப் பார்க்கும் செட்டியாரைப் போன்றது. முதல் சீண்டலுக்குத் தெளிந்த நீர் போன்ற மலிவுச் சரக்கு: பொட்டாசியம் உப்பு அதிகம், புரதம் குறைவு, வலி மட்டும் உயிர் போகும். எதிரி விலகாவிட்டால்தான் தயாரிக்கச் செலவு பிடிக்கும் பால்நிற நஞ்சை வெளியே எடுக்கும். 2003இல்தான் இதைக் கண்டறிந்தார்கள். குழந்தைக்குக் கொட்டி, எச்சில் ஒழுகி, விழுங்கத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காலணியை உதறிப் போடப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

இவ்வளவு கேட்டீர்கள், தேனீயைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் முதலில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். 1956இல் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே தப்பித்து அமெரிக்கக் கண்டங்களையே நடுங்க வைத்த தேனீ இந்த மண்ணுக்குரியது; டர்பன் வீட்டுக் கூரையிலும் கூடு வைக்கும். கொடுக்கை நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று யோசிக்காமல் எப்படியாவது உடனே எடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 10177 என்ற ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள், கைபேசியில் 112.

பிற நச்சுக்கடிகளுக்கு மேற்கு கேப் நச்சுத் தகவல் உதவி எண் 0861 555 777. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் இரவிலும் பேசலாம். கடித்த பூச்சி கிடைத்தால், நசுங்கியிருந்தாலும், ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.