சான்ரென்செய்யைக் கைவிட வேண்டாம்

பலகையில் கற்களை வைத்து இடம் பிடிக்கும் கோ விளையாட்டில், பிடித்த தொடக்கம் எது என்ற கேள்விக்கு ஆட்டக்காரர்கள் பலரும் வாக்களித்தது என்று சான்ரென்செய்யை, அதாவது ஒரே பக்கத்தில் மூன்று கற்களை வரிசையாக வைக்கும் தொடக்கத்தை எடுத்தீர்கள். எதிராளி 3-3 புள்ளியில் (மூலையின் இரு ஓரங்களிலிருந்தும் மூன்றாவது கோடுகள் சந்திக்கும் இடம்) நுழைந்து மூலையைப் பறித்துவிடுவதால் தோற்றுக்கொண்டே இருக்கிறீர்கள், சரிதானே?

வாக்கு ரசனையைத்தான் காட்டும். ஜப்பானியத் தொழில்முறை ஆட்டக்காரர் தாகேமியா மசாகியின் ஆட்டங்களைப் பார்த்து இதில் மயங்கியவர்கள் ஏராளம், நானும் அப்படித்தான். ஆனால் ஒரே பக்கத்தில் மூன்று நட்சத்திரப் புள்ளிகளிலும் (பலகையில் குறியிட்டிருக்கும் புள்ளிகள்) கல் வைக்கும்போதே, மூலை போனாலும் பரவாயில்லை, வெளியே பலம் வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறோம். 2016இல் ஆல்பாகோ என்ற கணினி நிரல் கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என வென்ற பிறகு, தொழில்முறை ஆட்டக்காரர்களே தொடக்கத்திலேயே 3-3இல் நுழைகிறார்கள். அதனால் இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது எந்தப் பக்கம் தடுப்பது என்பதைத்தான். உங்கள் நடுக் கல் இருக்கும் பக்கமாகத் தடுங்கள். எதிராளி அந்தப் பக்கம் ஊர்ந்து வர முடியாது, எழும் சுவரும் நடுக் கல்லோடு சேர்ந்து வேலை செய்யும். அப்புறம், அந்தச் சுவரை ஒட்டி உடனே இடம் அடைக்கப் பார்க்காதீர்கள். எதிராளி உள்ளே வரட்டும், சுவரை நோக்கி விரட்டுங்கள். அந்தத் தாக்குதலில்தான் உங்களுக்கு இடம் கிடைக்கும்.