விளையாட்டு மேலாண்மை படிக்க விரும்பும் பி.காம். மாணவரின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தங்கள் மகன் பி.காம். இறுதியாண்டில் இருக்கிறார் என்றும், மாவட்ட லீக் அளவில் கிரிக்கெட் ஆடியவர் என்றும், ஆட்டக்காரராக இனி மேலே போக வாய்ப்பில்லை என்பதைத் தாமே உணர்ந்து விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ. சேர விரும்புகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பத்து லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் வாங்கினால் அதற்கேற்ற வேலை கிடைக்குமா என்பது தங்கள் கேள்வி. துறை உண்மையானது, பணமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் எப்படி வருகிறது, அதைக் கையாள யார் தேவைப்படுகிறார்கள் என்று பார்த்தால், தங்கள் மகன் விட்டுவிட்டுப் போக நினைக்கும் வணிகவியல்தான் அவருடைய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2008-இல் சென்னை ஐபிஎல் அணியின் உரிமையை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 91 மில்லியன் டாலருக்கு வாங்கியபோது அது அதிக விலை என்றவர்கள் பலர். 2021 அக்டோபரில் லக்னோ அணி 7,090 கோடி ரூபாய்க்கு விலைபோனது. இடையில் ஆட்டத்தின் விதிகள் பெரிதாக மாறிவிடவில்லை; ஒளிபரப்பு உரிமையின் விலைதான் மாறியது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களுக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு ஏலம் போயிருக்கிறது. அதில் அணிகளுக்கு உரிய பங்கு, மைதானத்தில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும், ஒப்பந்தப்படி வந்து சேரும். ஆகவே ஓர் அணியின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி முதல் பந்து வீசப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சட்டை விளம்பரம், நுழைவுச்சீட்டு, அணியின் பெயர் போட்ட பொருள்கள் ஆகியவை அதற்கு மேல் சேருபவை.

காகிதத்தில் முடிவாகும் தொழில் காகிதத்திலேயே குலைந்தும் போகும் என்பதற்குக் கொச்சி அணியைவிட நல்ல உதாரணம் இல்லை. 2010-இல் பல பங்குதாரர்கள் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு கோடிக்கு மேல் கேட்டு அந்த அணியை எடுத்தார்கள். அணி 2011-இல் ஒரே ஒரு பருவம் ஆடியது. ஆண்டுதோறும் தர வேண்டிய வங்கி உத்தரவாதத்தைத் தரவில்லை என்ற காரணத்தைக் காட்டி அதே ஆண்டு செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. உரிமையாளர்கள், ஒப்பந்தத் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2015-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஏறக்குறைய 538 கோடி ரூபாய் தர வேண்டும் என்ற அத்தீர்ப்பை 2025 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தச் சட்டையைப் போட்டு ஆடியவர்கள் எப்போதோ வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். அணியின் பெயரில் இத்தனை ஆண்டுகளும் உழைத்தவர்கள் வழக்கறிஞர்களும் கணக்கர்களும்தான்.

சென்னை அணியின் கதை இதற்கு நேர்மாறானது. 2015-இல் அணி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் பங்குகள் பின்னர் சிமெண்ட் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கே பிரித்தளிக்கப்பட்டன. சூதாட்ட விவகாரத்தில் 2016, 2017 ஆகிய இரு பருவங்கள் தடையில் கழிந்த பிறகும் 2018-இல் திரும்பி வந்து கோப்பையை வென்றது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனமே அல்ட்ராடெக் என்ற வேறொரு சிமெண்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது, அணி போகவில்லை. விசில் போடும் ரசிகருக்கு மஞ்சள் சட்டையின் பாரம்பரியம் என்பது தோனியும் சேப்பாக்கமும். நியாயம்தான். ஆனால் அந்தப் பாரம்பரியம் தாய் நிறுவனத்தோடு சேர்ந்து கைமாறிவிடாமல் நின்றதற்குக் காரணம், பிரிப்புத் திட்டத்தை எழுதிய நிறுவனச் செயலாளர்கள் (கம்பெனி செக்ரட்டரிகள்), மதிப்பீடு செய்த தணிக்கையாளர்கள், ஒப்புதல் வாங்கிய வழக்கறிஞர்கள் ஆகியோரின் வேலை. அவர்களில் யாரும் விளையாட்டு மேலாண்மை படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆட்டக்காரரின் பெயரும் இன்று இதே வகையில் காக்கப்பட வேண்டிய சொத்தாகிவிட்டது. 'கேப்டன் கூல்' என்ற பட்டத்துக்குத் தோனி வணிக முத்திரை கோரி விண்ணப்பித்ததும், 2025 ஜூனில் அது ஏற்கப்பட்டு வணிக முத்திரைப் பதிவகத்தின் இதழில் வெளியானதும் செய்தியாகவே வந்தன. மட்டையைக் கீழே வைத்த பிறகு ஒருவர் ஈட்டப்போவது பெரும்பாலும் இத்தகைய உரிமைகளிலிருந்துதான். அவற்றைப் பதிவு செய்யவும், மீறுபவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பவும், வரிக் கணக்கு பார்க்கவும் ஆள் வேண்டும். கால்பந்தில் வீரர்களின் முகவராக இருக்க விரும்புபவர் 2023 முதல் உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அதில் கேட்கப்படும் இருபது கேள்விகளும் ஒப்பந்த விதிகள், வீரர் மாற்ற விதிகள் போன்றவற்றைப் பற்றியவை. ஆட்ட நுணுக்கம் அங்கே கேட்கப்படுவதில்லை.

விளையாட்டு மேலாண்மை படித்துவிட்டு நேராகச் சேருபவருக்குக் கிடைக்கும் முதல் வேலை எப்படி இருக்கும் என்பதையும் தங்கள் மகனுக்குச் சொல்லிவிடுங்கள். ஆட்ட நாளன்று காலையிலேயே மைதானத்துக்குப் போய், எல்லைக்கோட்டு விளம்பரப் பலகைகள் ஒப்பந்தத்தில் சொன்ன வரிசையில் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். விளம்பரதாரர் அல்லாத நிறுவனத்தின் பெயர் கேமராவில் படும் இடத்தில் தெரிந்தால் அதன்மேல் டேப் ஒட்ட வேண்டும். விளம்பரதாரரின் விருந்தினர்களுக்கு அனுமதி அட்டை வந்து சேராவிட்டால் வாயிலுக்கும் அலுவலகத்துக்கும் ஓட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எந்த முத்திரை திரையில் எவ்வளவு நேரம் தெரிந்தது என்ற அறிக்கை தயாராக வேண்டும். ஆட்டத்தை மட்டும் அவரால் நிம்மதியாகப் பார்க்க முடியாது. அதோடு, ஐபிஎல் பருவம் ஏறக்குறைய இரண்டு மாதம்தான். இத்தகைய வேலைகளில் பல பருவத்தோடு முடியும் ஒப்பந்த வேலைகள்.

கிரிக்கெட்டுக்கு வெளியே நிலைமை இன்னும் ஆட்டம் காண்கிறது. இந்திய கால்பந்து சம்மேளனம் 2010-இல் தன் வணிகக் கூட்டாளியுடன் செய்த பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், 2025 ஜூலையில் ஐஎஸ்எல் கால்பந்து லீக்கின் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஊதியத்தையே நிறுத்திய கிளப்களும் உண்டு. அடுத்த மாதமே, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்து, இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து அத்தகைய விளையாட்டை நடத்திய ட்ரீம்11 நிறுவனத்தின் பெயர் இறங்கியது. அந்த நிறுவனங்களின் விளம்பரப் பணத்தை நம்பியிருந்த பலருக்கு அது பெரிய அடி. இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. விளையாட்டுத் துறையில் ஓர் ஒப்பந்தம் அறுந்தால், கணக்கோ சட்டமோ தெரிந்தவர் வேறு துறைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார். விளையாட்டு மேலாண்மை மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை.

எனவே என் யோசனை இது. பி.காம். முடித்தவுடன் சி.ஏ. இடைநிலையோ நிறுவனச் செயலாளர் படிப்போ, சட்டத்தில் ஈடுபாடு இருந்தால் மூன்றாண்டு எல்.எல்.பி.யோ தொடங்கட்டும். பட்டப்படிப்பில் 55 விழுக்காடு எடுத்த வணிகவியல் மாணவர் நுழைவுநிலைத் தேர்வு இல்லாமலே சி.ஏ. இடைநிலையில் சேரலாம். செலவும் தாங்கள் சொல்லும் கடனைவிட மிகக் குறைவு. அதே காலத்தில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள், மாவட்ட கிரிக்கெட் சங்கத்தின் லீக், தமிழ்நாடு பிரீமியர் லீக் என்று எங்கே ஆள் தேவைப்பட்டாலும் போய் நிற்கட்டும். ஆடியவர் என்பதால் சங்கத்தில் அவரை நாலு பேருக்குத் தெரிந்திருக்கும், அந்த அறிமுகத்தை எந்தக் கல்லூரியும் விற்க முடியாது. இரண்டு மூன்று பருவங்களுக்குப் பிறகும் இதே ஆசை இருந்தால், வேலையில் இருந்துகொண்டே படிக்கும் விளையாட்டு மேலாண்மைப் படிப்பு ஐஐஎம் ரோத்தக் போன்ற இடத்தில் இருக்கிறது. மேலக்கோட்டையூர் உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும் விசாரிக்கலாம்.

இல்லை, இப்போதே சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: சென்ற இரண்டு ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் எந்த நிறுவனத்தில், எந்தப் பதவியில் சேர்ந்தார்கள், அவற்றில் எத்தனை நிரந்தர வேலை, எத்தனை பருவ வேலை, பயிற்சிக் காலத்தில் ஊதியம் உண்டா. விளம்பரக் கையேட்டில் இருக்கும் அணிகளின் முத்திரைகளைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாணவர் ஒரே நாள் தன்னார்வலராக நின்ற மைதானத்தின் பெயரும் அதில் இருக்கக்கூடும். பதில் வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதை அதுவரை தள்ளி வைப்பது நல்லது.